யாரு வீட்டுல சுட்டது?



பஞ்சமி நிலம், இட ஒதுக்கீடு, வன்கொடுமை வழக்கு என்று பேசிவரும் இடத்தில் பிஸ்கட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பீர்கள். இருக்கிறது. 2024 தொடக்கத்திலிருந்து மாப்பிள்ளையூரணியில் நாங்கள் வீட்டிலேயே உப்பு பிஸ்கட் சுட்டு விற்கிறோம். இத்தனை நாளில் உப்பு சரியாக இருக்கிறதா, வெண்ணெயா டால்டாவா என்று கேட்டவர்களைவிட, "யாரு வீட்டுல சுட்டது?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். அந்தக் கேள்வியை ஒரு சமையல் கேள்வியாக நினைத்துக் கடந்துபோக முடியாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இடையில் பிஸ்கட் சுடும் முறையையும் சொல்லியிருக்கிறோம். அதுவும் உங்களுக்குத் தேவைப்படும்.

முதலில் நாங்கள் யார் என்பது. ஒரே தெருவைச் சேர்ந்த ஏழு பெண்கள். ஐந்து பேர் உப்பளத்துக்குப் போகிறவர்கள், இரண்டு பேர் கல்லூரியில் படிக்கிறவர்கள். மாப்பிள்ளையூரணி தூத்துக்குடி மாநகராட்சியை ஒட்டிக் கிடக்கும் பெரிய ஊராட்சி. நாட்டிலேயே உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்த உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்து உப்பு. அந்தப் பாத்திகளில் இறங்கி உப்பு வாருகிறவர்களிலும் சுமக்கிறவர்களிலும் எங்கள் மக்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் பாடப் புத்தகமும் சொல்லாது.

உப்பளத்து வேலை வெயிலை நம்பிய வேலை. தை, மாசியில் பாத்தியைச் சீர்செய்து தொடங்கினால் ஐப்பசி மழை இறங்கும்வரை ஓடும். அதன் பிறகு மூன்று மாதம் கை காய்ந்துவிடும். அந்த மாதங்களுக்கென்று குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணத்தை அரசு தருகிறது. பல வருடக் கோரிக்கைக்குப் பிறகு கிடைத்தது அது, குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் மூன்று மாதத்துக்கு 5,000 என்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. பாத்தி, வரப்பு, குவித்து வைத்திருந்த உப்பு எல்லாம் கரைந்து ஒரே தண்ணீராகக் கிடந்தது. வழக்கமாகத் தொடங்க வேண்டிய காலத்தில் அளத்து வேலை தொடங்கவில்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டே நாலு காசு பார்க்க என்ன வழி என்று யோசித்தபோது, எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்குத் தெரிந்த கைவேலை ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிஸ்கட் சுடுவது. அவர் அதை "பிஸ்கோத்து" என்றுதான் சொல்வார். போர்த்துக்கீசியர் இந்தக் கரைக்கு வந்த 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஒட்டிக்கொண்ட சொல் அது. மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் கப்பல்காரர்களுக்கு, கெட்டுப்போகாத காய்ந்த ரொட்டிதான் பிஸ்கோத்து. இருமுறை வேகவைத்தது என்று பொருள்படும் லத்தீன் சொற்களே அதன் வேர்.

தூத்துக்குடி என்றால் ஊருக்கெல்லாம் மக்ரூன்தானே, அதைச் சுட்டிருக்கலாமே என்று கேட்பார்கள். மக்ரூனுக்கு முட்டை வெள்ளைக் கரு, சீனி, முந்திரிப்பருப்பு மூன்று மட்டும்தான். முந்திரியையும் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். ஐரோப்பாவில் வாதுமைப் பருப்பில் செய்ததை இங்கே முந்திரியில் செய்துகொண்டோம். ஆனால் முந்திரி விற்கிற விலைக்கு மூலதனம் போட எங்களிடம் பணம் இல்லை. தணிந்த சூட்டில் நெடுநேரம் காயவிட வேண்டிய பண்டம் அது. அதற்கு நல்ல அடுப்பு வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு கனத்த அலுமினியத் தேக்சா, ஒரு கேஸ் அடுப்பு, வேண்டிய அளவுக்குக் கல்லுப்பு.

கல்லுப்பு எதற்கு என்று சொல்கிறோம். ஓவன் இல்லாத வீட்டில் கேக்கும் பிஸ்கட்டும் சுட்ட பழைய முறை இது. தேக்சாவின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மணலோ கல்லுப்போ பரப்பி, அதன் மேல் ஒரு வளையத்தை வைத்து, தட்டை ஏற்றி, மூடி போட்டுவிட்டால் அதுதான் அடுப்பு. உப்பு சூட்டை வாங்கி மெதுவாகவும் சமமாகவும் விடும். பெரியம்மா காலத்தில் மூடியின் மேலும் சிரட்டைக் கரித் தணலைப் போடுவார்களாம். கீழ்ச்சூடும் மேல்சூடும் சேர்ந்தால்தான் மேல்பக்கம் சிவக்கும். கல்லுப்பு முதல் தடவை சூடேறும்போது பொரி மாதிரி வெடிக்கும். உப்புக்குள் அடைபட்ட நீர் வெளியேறுகிற சத்தம் அது. பாத்தியில் நிற்கும் எங்களுக்கு அது புதிதில்லை. வெடித்து அடங்கிய உப்பை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

அளவு இதுதான். அரைக் கிலோ மைதா, 300 கிராம் வெண்ணெய், 100 கிராம் பொடித்த சீனி, இரண்டு தேக்கரண்டி உப்பு. விற்கிற பண்டம் என்பதால் மாவில் சேர்ப்பது அயோடின் கலந்த பொடி உப்பு மட்டும்தான். அளத்து உப்பு பானையின் அடியில் இருப்பதோடு சரி. வெண்ணெயையும் சீனியையும் நன்றாகக் குழைத்து, உப்போடு சலித்த மைதாவைச் சேர்த்து, கை விரல்களால் பிசிறிப் பிசிறிச் சேர்க்க வேண்டும். சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசைந்தால் பிஸ்கட் ரப்பராகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. மாவை அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, கால் அங்குல கனத்துக்குத் தேய்த்து, பாட்டில் மூடியால் வெட்டி, முள்கரண்டியால் நாலு குத்துக் குத்தி வைப்போம். குத்தாவிட்டால் நடுவில் உப்பிவிடும். பத்து நிமிடம் காய்ந்த தேக்சாவில் சிறு தீயில் 25 நிமிடம் முதல் அரை மணி நேரம்.

எடுத்தவுடன் தொட்டுப் பார்த்தால் மெத்தென்றுதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வேகவில்லை என்று தீயைக் கூட்டினால் அடி கரிந்துவிடும். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். எங்கள் கரையில் அதுவும் போதாது. மழைக்காலத்தில் காற்றிலேயே பாதி தண்ணீர். சீனியும் உப்பும் அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காலையில் சுட்டது சாயங்காலத்துக்குள் பதமற்றுப்போகும். அதனால் பெரியம்மா சொல்லித்தந்தபடி இரண்டாவது தடவை போடுகிறோம். எல்லாத் தட்டும் சுட்டு முடித்து அடுப்பை அணைத்த பிறகு, மிச்சச் சூட்டில் பிஸ்கட்டைத் திரும்ப உள்ளே வைத்து மூடி விடுவோம். தீ இல்லாமல் அது காயும். அதைச் செய்தால் காற்றுப் புகாத டப்பாவில் மூன்று வாரம் வரை மொறுமொறுவென்று இருக்கிறது. டப்பாவின் அடியில் வறுத்த அரிசியை ஒரு துணியில் முடிந்து போட்டால் இன்னும் நல்லது.

இந்த அளவுக்கு 800 கிராம் பிஸ்கட் கிடைக்கும். சாமானும் கேஸும் சேர்ந்து 220 ரூபாய். 200 கிராம் பொட்டலத்தை 100 ரூபாய்க்கு விற்றால் 400 ரூபாய். ஒரு தடவை சுட்டால் 180 ரூபாய் மிச்சம். கணக்கு இவ்வளவுதான்.

இனி விற்ற கதை.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டோம். தெரிந்தவர்கள் வழியாகத் தெரியாதவர்கள் கேட்டார்கள். விலை கேட்பார்கள், சரி என்பார்கள், எவ்வளவு வேண்டும் என்பார்கள். அதன் பிறகு வரும் அந்தக் கேள்வி: "யாரு வீட்டுல சுட்டது?" பெயரைச் சொன்னால் அடுத்தது, "எந்தத் தெரு?" தெருவைச் சொன்னதும் குரல் மாறாது, மரியாதையும் குறையாது. "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன் பிள்ள" என்று மட்டும் வரும். அப்புறம் அழைப்பு வராது. ஒருவர் இருவர் என்றால் வேறு காரணம் இருக்கும் என்று விட்டுவிடலாம். கல்லூரி படிக்கும் தங்கை ஒரு நோட்டில் குறித்து வைக்கத் தொடங்கினாள். முதல் மூன்று மாதத்தில் தெருவைக் கேட்டவர்கள் 31 பேர். அவர்களில் வாங்கியவர்கள் 6 பேர்.

அந்தச் சமயத்தில் நகரத்தில் வீட்டுப் பண்டம் விற்கும் ஒரு பெண் எங்களிடம் மொத்தமாக எடுக்க முன்வந்தார். 200 கிராம் 80 ரூபாய்க்கு எடுத்து, தன் பெயர் போட்ட டப்பாவில் அடைத்து, "வீட்டுப் பக்குவம்" என்று எழுதி 130 ரூபாய்க்கு விற்றார். 2024 தீபாவளிக்கு மட்டும் 40 கிலோ போனது. எங்கள் கை சுட்டது, எங்கள் பானையில் வெந்தது, எங்கள் உப்பின் சூட்டில் காய்ந்தது. ஒன்றுகூட மாறவில்லை. டப்பாவின் மேலிருந்த பெயர்தான் மாறியது.

எங்களில் ஒரு அக்கா மழைக்காலத்தில் வீட்டு வேலைக்கும் போவார். எங்களிடம் "கேட்டுட்டுச் சொல்றேன்" என்ற வீடுகளில் ஒன்று அது. ஒருநாள் அந்த வீட்டுக்காரம்மா டப்பாவைத் திறந்து இரண்டு பிஸ்கட்டை அக்காவின் உள்ளங்கையில் போட்டு, "தின்னு பாரு, நல்ல வீட்டுல சுட்டது" என்றிருக்கிறார். அக்கா தின்றுவிட்டு, "உப்பு சரியா இருக்காம்மா?" என்று கேட்டாராம். "ரொம்பச் சரியா இருக்கு" என்று பதில் வந்திருக்கிறது. அன்று சாயங்காலம் அக்கா இதைச் சொன்னபோது தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்த பிறகு ஒருவரும் பேசவில்லை.

"நல்ல வீடு" என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள் தோழர்களே. சுத்தமான வீடு என்று அர்த்தமில்லை. எங்கள் அடுப்படியை வந்து பார்த்து யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாதியைச் சொல்லாமல் சாதியைச் சொல்வதற்குத் தமிழில் எத்தனையோ சொல் இருக்கிறது. "நல்ல வீடு", "நம்ம பக்குவம்", "ஆச்சாரமா செஞ்சது". கடையில் கண்ணாடி ஜாடிக்குள் கிடக்கும் பிஸ்கட்டை யார் பிசைந்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. இயந்திரத்தில் வந்த பாக்கெட்டைக் கேட்பதே இல்லை. அந்தக் கைகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்வரை தீட்டு இல்லை. வீட்டில் செய்தது என்று சொன்ன மறுகணமே கை தெரிகிறது, கை தெரிந்தவுடன் சாதி கேட்கிறார்கள். இன்று இணையத்தில் பெருகி நிற்கும் "ஹோம்மேட்" சந்தையில், ஊறுகாயையும் சாம்பார்ப் பொடியையும் சாதிப் பெயர் போட்டே விற்கிறார்கள். அதை யாரும் சாதிவெறி என்று சொல்வதில்லை, ருசி என்கிறார்கள்.

இந்தக் கேள்வி பிஸ்கட்டுக்குப் புதிதும் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் வடக்கே பிஸ்கட் பரவியபோது, அதை முஸ்லிம்களும் கீழ்சாதியாரும் தொட்டிருப்பார்கள் என்று சாதி இந்துக்கள் பலர் விலக்கி வைத்தார்கள். அந்தத் தயக்கத்தையே மூலதனமாக்கி, 1898இல் டெல்லியில் லாலா ராதாமோகன் என்பவர் "இந்து பிஸ்கட்" நிறுவனத்தைத் தொடங்கினார். உயர்சாதிக் கைகள் மட்டுமே தொட்டுச் செய்தது என்பதுதான் விளம்பரம். மாவு அதே மாவு, சீனி அதே சீனி. விற்றது சாதி.

உணவின் மேல் சாதி எப்படிக் கை வைக்கும் என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா என்ற ஊரில், புனித யாத்திரை போய்த் திரும்பிய ஒரு தீண்டப்படாதவர் தன் மக்களுக்கு விருந்து வைத்தார். அதில் நெய்யும் பரிமாறினார். நூற்றுக்கணக்கான சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து சாப்பாட்டை நாசமாக்கி, சாப்பிட்டவர்களை அடித்து விரட்டினார்கள். குற்றம், நெய். தங்கள் காசில், தங்கள் வீட்டில், தங்கள் மக்களுக்கே பரிமாறிய நெய். வெண்ணெய் போட்டுப் பிஸ்கட் சுடும் நாங்கள் அந்தப் பக்கத்தைத் தெருவில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தோம். அந்த உரையைத் தமிழில் முதலில் கொண்டுவந்தவர் பெரியார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

தமிழில் எழுதப்பட்டதையும் பாருங்கள். 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' நூலில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். சிறுமிக்கு அது வேடிக்கையாகத் தெரிகிறது. பொட்டலத்தைத் தொட்டால் உள்ளே இருப்பது தீட்டாகிவிடும் என்பதால்தான் அப்படி என்று அண்ணன் சொன்ன பிறகு வேடிக்கை போய்விடுகிறது. படிக்காதவர்கள் படியுங்கள்.

அதெல்லாம் பழைய காலம் என்பவர்களுக்கு நம் மாவட்டத்தையே காட்டலாம். 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டி தொடக்கப் பள்ளியில், காலை உணவைச் சமைத்தவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகள் சாப்பிட மறுத்ததாகச் செய்தி வந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் விரிவாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அமைச்சர் கீதா ஜீவனும் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். போனது சரிதான். ஆனால் பசியோடு வரும் பிள்ளைக்கு அந்தக் கையை மறுக்கச் சொல்லிக்கொடுத்தது யார்? பள்ளிக்கூடம் அதைச் சொல்லித் தரவில்லை. வீடு சொல்லித் தந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவர்கள் கேட்பீர்கள். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் பொருளை விற்க மறுப்பதைக் குற்றமாக்கியது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 3(1)(zc) பிரிவில் சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியிருக்கிறது. ஊர் கூடி "அவர்களிடம் வாங்காதே" என்று கட்டுப்பாடு போட்டால் அந்தப் பிரிவு பாயும். பாய வைக்க வேண்டும். ஆனால் ஒருத்தர் போனில் "கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் எந்தக் காவல் நிலையத்துக்குப் போவது? அந்த இடத்தில் சட்டத்துக்கு வேலை குறைவு. நமக்குத்தான் வேலை.

2025இல் முறைப்படி பதிவு செய்வது என்று முடிவெடுத்தோம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அடிப்படைப் பதிவுக்கு அப்போது வருடத்துக்கு 100 ரூபாய்தான். அந்த ஆண்டில் அது, ஆண்டு வரவு 12 லட்சத்துக்குள் இருந்த சிறு தயாரிப்பாளர்களுக்கானதாக இருந்தது. வீட்டில் செய்து விற்கும் தோழர்கள் இதைத் தவறாமல் செய்யுங்கள். பதிவு வந்தால் லேபிள் வர வேண்டும். பொருளின் பெயர், சேர்மானம், எடை, தேதி, சைவமா அசைவமா என்ற குறி, தயாரித்தவரின் பெயர், முழு முகவரி. எங்கள் பிஸ்கட்டுக்குப் பச்சைக் குறி. முட்டை சேர்ந்த மக்ரூனுக்கு இறைச்சிக்குப் போடும் அதே அசைவக் குறி. தூத்துக்குடிக்காரர்கள் யாரும் அதற்காக மக்ரூனை விலக்கி வைக்கவில்லை. நாக்குக்குப் பிடித்துவிட்டால் ஆச்சாரம் வழிவிடும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

முகவரியில்தான் தகராறு. எங்கள் தெருப் பெயரோடு "காலனி" என்ற சொல் ஒட்டியிருக்கிறது. அந்தச் சொல் வசைச்சொல்லாக ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அறிவிப்பு வந்தாலும் எங்கள் ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் அது அப்படியே இருக்கிறது. அதுவும் போகட்டும், அந்தச் சொல்லை எடுத்துவிட்டாலும் தெருவின் பெயரை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்வார்கள்.

பெரியம்மா நேராகக் கேட்டார்: "ஏளா, அட்ரஸ போட்டா எவ வாங்குவா? ரெண்டு பிள்ளைக்கும் பீஸ் கட்டணும். அவ பேருல போனா என்ன, துட்டு நமக்குத்தான வருது?"

தங்கை சொன்னாள்: "துட்டு வருது பெரியம்ம, சரிதான். ஆனா நம்ம கைய ஒளிச்சு வச்சாத்தான் வித்துப்போகும்னா, இன்னும் எத்தன நாளைக்கு ஒளிச்சு வைக்க?"

"கை ஒளிஞ்சா ஒளிஞ்சிட்டுப் போகட்டும். வயிறு ஒளியுமா?"

இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. மேடையில் நின்று பேசுகிறவர்கள் தங்கையின் பேச்சை மட்டும் எடுத்துச் சொல்வார்கள். நாங்கள் பெரியம்மாவின் பேச்சையும் எழுதிவைக்கிறோம். சுயமரியாதைக்கு விலை உண்டு. அந்த விலையை முதலில் கட்டுகிறவர்கள் எப்போதும் கையில் காசில்லாத பெண்கள். மூன்று நாள் பேசி, ஏழில் ஐந்து பேர் முழு முகவரி போடுவது என்று சொன்னோம். போட்டோம். மொத்தமாக எடுத்துக்கொண்டிருந்த பெண் லேபிள் ஒட்டிய பொட்டலத்தை வாங்க மறுத்துவிட்டார். 2024 தீபாவளிக்கு 40 கிலோ என்றோமே, 2025 தீபாவளிக்கு 11 கிலோ. எங்களில் இரண்டு பேர் விலகி வேறு வேலைக்குப் போனார்கள். அவர்கள் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு, கல்லூரி விடுதி மாணவர்கள், தொழிற்சங்கத் தோழர்கள், உப்பளத்தில் எங்களோடு வேலை செய்கிற பிற சாதிப் பெண்கள் சிலர் என்று சேர்ந்து 24 கிலோ ஆனது. இழந்தது முழுவதும் திரும்பவில்லை. ஆனால் வாங்கிய ஒவ்வொருவரும் முகவரியைப் படித்துவிட்டு வாங்கினார்கள்.

பிற சாதிப் பெண்கள் என்று சொன்னதை வலியுறுத்துகிறோம். பாத்தியில் எங்களோடு ஒரே வெயிலில் நிற்கிறவர்கள் அவர்கள். மதியம் தூக்குவாளியைத் திறக்கும்போது மட்டும் தனித்தனியாக உட்கார்ந்த வழக்கம் இன்னும் முழுக்கப் போகவில்லை. அவர்களில் ஒரு மைனி முதலில் ஒரு பொட்டலம் வாங்கினார், அடுத்த வாரம் மூன்று வாங்கினார். "எங்க வீட்டுல என் பேரச் சொல்லித்தான் கொடுத்தேன்" என்று முதலில் சொன்னவர், பிறகு ஒருநாள், "இப்ப உங்க பேரச் சொல்லிட்டேன். தின்னுட்டுத்தான் இருக்காவ" என்றார். ஒரு வீடு இப்படி மாறுவதற்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

இளம் தோழர்களுக்குச் சொல்ல மூன்று விஷயம் இருக்கிறது.

ஒன்று, சமபந்தி விருந்தோடு நின்றுவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒருநாள் சேர்ந்து சாப்பிட்டுப் புகைப்படம் எடுப்பது எளிது. அந்த விருந்தைச் சமைத்தது யார் என்று கேளுங்கள். பல இடங்களில் பந்தி சமமாக இருக்கும், சமையற்கட்டில் சாதி இருக்கும். உங்கள் விடுதியில், உங்கள் வீட்டுக் கல்யாணத்தில், நீங்கள் நடத்தும் கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் எந்தக் கை பரிமாறுகிறது என்று பாருங்கள்.

இரண்டு, "வீட்டு முறை", "பாரம்பரியம்" என்று விற்கும் எதையும் கேள்வி கேளுங்கள். யாருடைய வீடு, எவருடைய பாரம்பரியம்? மகாராஷ்டிரத்தில் ஷாகு பாடோளே தன் மக்களாகிய மகர், மாங் சமூகங்களின் சாப்பாட்டை மராத்தியில் நூலாகவே எழுதி வைத்திருக்கிறார். எங்கள் பெரியம்மாவின் தேக்சா பிஸ்கட்டும் ஒரு பாரம்பரியம்தான். அதை எழுதி வைக்க எங்களை விட்டால் வேறு ஆள் இல்லை. உங்கள் பாட்டியிடமும் ஏதாவது ஒரு பக்குவம் இருக்கும். இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அளவோடு எழுதுங்கள்.

மூன்று, குறித்து வையுங்கள். தங்கையின் நோட்டு இல்லாவிட்டால், 31 பேரில் 25 பேர் மறுத்ததை நாங்களே "நமக்கு வியாபாரம் தெரியவில்லை" என்று நினைத்திருப்போம். பாகுபாடு தனித்தனியாக நடக்கும்போது தற்செயல் போலத் தெரியும். எழுதிக் கூட்டினால்தான் முகம் தெரியும். வழக்குக்கு உதவாவிட்டாலும் வாதத்துக்கு உதவும்.

எங்கள் வேலை தொடர்கிறது. வெயில் அடித்தால் உப்பளம், மழை இறங்கினால் தேக்சா. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குச் சொல்லித்தரப் பெரியம்மா தயார். அரைக் கிலோ மைதாவும் வெண்ணெயும் கொண்டு வந்தால் போதும், உப்பு எங்களிடம் இருக்கிறது. வாங்க நினைப்பவர்களுக்குப் பழைய விலைதான், 200 கிராம் 100 ரூபாய். முகவரி பொட்டலத்தின் மேலேயே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஜெய் பீம்!